எண்ணக் கூடாத சரம்

மிஸ்,

மழைக்காக இன்று பள்ளிகளுக்கு விடுமுறை. அந்தச் செய்தி வருவதற்கு முன்பே தர்ஷினி சீருடை மாட்டிவிட்டாள். நான் பரணிலிருந்து பைகளை இறக்கி மழைக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் கிடைத்தது பழைய மஞ்சள் கோட்டு. உங்களிடம் இரண்டாம் வகுப்பு படித்தபோது போட்டது. இப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்குள் அவளால் ஒரு கையைக்கூட நுழைக்க முடியாது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உதறியபோது உள்பை கனத்தது. கையை விட்டேன். பொருள் வெளியே வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. இரும்பும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை.

பழைய ஷூ லேஸ் ஒன்றில் கோத்த வாஷர்கள். போல்ட்டுக்கு அடியில் போடுகிற, நடுவில் ஓட்டையுள்ள இரும்பு வில்லைகள். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. லேஸின் நுனியில் ஒரு காகிதத் துண்டை மடித்து ஒட்டி, அதில் பென்சிலால் எழுதியிருந்தது: தர்ஷினி, 2 பி.

நான் விரலால் தள்ளித் தள்ளி எண்ண ஆரம்பித்தேன். மூன்று வரைக்கும் வந்திருப்பேன்.

"அம்மா, எண்ணாத. அது பத்துச் சரம். எண்ணக் கூடாது."

பின்னால் நின்றது என் மகள்தான். ஆனால் அந்த வாக்கியம் உங்களுடையது. விரலை எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவள் சொன்ன இன்னொன்று இருக்கிறது. அதை இப்போதே எழுத முடியவில்லை. வரிசையாக வந்தால்தான் எனக்குத் தைரியம் வரும்.

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. உங்கள் சம்பந்தமாக நான் ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டும் நல்ல ஆங்கிலத்தில், கமா புள்ளி பிசகாமல். இது மூன்றாவது.

உங்களை முதலில் பார்த்தது ஷேர் ஆட்டோவில். பள்ளி விட்டதும் தர்ஷினியை அழைத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் பக்கம் போகும் ஆட்டோவில் ஏறினேன். நீங்கள் ஏற்கெனவே ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் ஒரு சணல் பை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது குலுங்கிச் சத்தம் போட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா, சலங்கையா எத்துகினு போறீங்க?"

"கணக்குண்ணா. ரெண்டாங்கிளாஸ் கணக்கு."

"கணக்கு இவ்ளோ கனமாவா கீது? அதான் எனுக்கு ஏறவே இல்ல!"

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நீங்கள் தலையிலிருந்து நழுவிய துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பையைத் திறந்து காட்டினீர்கள். திருமுடிவாக்கத்தில் உங்கள் கணவர் வேலை பார்த்த பட்டறையில் கழித்துப்போட்ட வாஷர்கள். ஓட்டை நடுவில் விழாதவை, விளிம்பு கோணியவை. சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கூர்மையாக இருந்த விளிம்பையெல்லாம் உங்கள் கணவரை உட்காரவைத்து அரத்தால் ராவி எடுத்து வருவதாகச் சொன்னீர்கள். "கம்பெனிக்குத்தான் இது ரிஜெக்ட். எண்ணுறதுக்கு எது ரிஜெக்ட், சொல்லுங்க?" எவ்வளவு கழுவினாலும் அந்த எண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை என்று குறைப்பட்டீர்கள்.

அவற்றைக் கழுவித்தான் கொண்டுவந்தீர்கள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். இதை நான் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

நான் அப்போது அந்த ஊருக்கே புதிது. வேலையை விட்டுவிட்டு, மகளை வளர்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். தினமும் இருபது நிமிடம், முழங்கால் முழங்காலில் இடிக்க, எதிரெதிரே. நீங்கள் என்னைத் "தர்ஷினி அம்மா" என்பீர்கள். நான் உங்களை "மிஸ்" என்பேன். என் பெயரை நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. உங்கள் பெயரை நானும் கேட்டதில்லை. வாட்ஸப் குழுவில் செய்தி வந்தபோதுதான் உங்கள் முழுப் பெயரைப் படித்தேன். அது இரங்கல் செய்தி.

சரத்தின் சட்டத்தை நீங்கள் அந்த ஆட்டோவில்தான் எனக்கு விளக்கினீர்கள். ஒவ்வொரு குழந்தையும் பத்து வாஷரை எண்ணிக் கோத்து, முடிச்சுப் போட்டு, பெயர் எழுதிக் கூடையில் போட வேண்டும். முடிச்சு விழுந்தபிறகு யாரும் அதை எண்ணக் கூடாது. அடுத்தவர் கையில் எடுக்கும்போது அது பத்து. அவ்வளவுதான். "திரும்பத் திரும்ப ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தா எப்போ நூறுக்குப் போறது? கோத்த சரத்தை எண்ணக் கூடாது. கோத்தவங்களை நம்பணும். அதான் பத்து."

ஒரு நாள் வகுப்பின் மொத்தக் கணக்கில் ஒன்று இடித்ததாம். யாரோ ஒன்பது கோத்துவிட்டார்கள். "எண்ணாமக் கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கை கட்டி நின்றீர்களாம். தர்ஷினிதான் ஜன்னல் கம்பியில் எல்லாச் சரங்களையும் வரிசையாகத் தொங்கவிடலாம் என்றாளாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வாஷர் கனத்துக்குக் குட்டையாகத் தொங்கியது. கவினுடையது. அவன் அழ ஆரம்பிக்க, நீங்கள் அவன் தலையில் கைவைத்து, "அழாதடா. உன்னை நம்பித்தான் முப்பது பேரு கணக்குப் போடுறாங்க. அடுத்த தடவை பார்த்துக் கோரு" என்றீர்களாம். அன்றைக்கு ஆட்டோவில் தர்ஷினி இதை நடித்தே காட்டினாள். கவின் எப்படி அழுதான் என்பதை மூன்று முறை.

வகுப்பில் நீங்கள் விட்ட ரயிலை நானே பார்த்திருக்கிறேன். தர்ஷினி சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போன நாள். மாடி ஏறி வந்தால் வராந்தாவில் நாற்காலிகள் இரண்டிரண்டாக நீண்டு கிடந்தன. தாம்பரத்தில் இருபத்து மூன்று பேர் ஏறியாயிற்று. மீதிப் பிள்ளைகள் அங்கங்கே ஸ்டேஷன்களில் காத்து நின்றார்கள். பச்சைத் துணியோடு கடைசியில் நின்ற கார்டு என் மகள். வண்டிக்குள் எத்தனை பேர் என்று கார்டு சொன்னால்தான் வண்டி நகரும்.

"சானடோரியம்! ஆறு பேர் இறங்கு! ரெண்டு பேர் ஏறு!"

தர்ஷினி காலி நாற்காலிகளைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "பதினேழு... பத்தொம்பது! போலாம் ரைட்!"

"ரைட்டு பஸ்ஸுக்கும்மா. நீ கார்டு. விசில் ஊது."

குரோம்பேட்டையில் கவின் இறங்க மறுத்தான். "மிஸ், நான் பீச் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். ஜன்னல் சீட்டு."

"ராஜா, கழித்தல்னா யாராவது இறங்கித்தான்டா ஆகணும்."

"அப்போ அவளை இறக்குங்க."

நான் கையில் சாப்பாட்டுப் பையோடு பல்லாவரம் வரைக்கும் நின்றேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிப் படித்தவள் நான். எம்.காம். முடித்தவள். கழித்தல் என்பது ஒரு நாற்காலி காலியாவது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் படி இறங்கியதும் நேரே வாசலுக்குப் போகவில்லை. கீழே ஏ பிரிவின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அங்கே பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நோட்டில் பக்கம் பக்கமாக.

பிறகு பூ வாரம். ஆளுக்கு ஆள் முழம் மாறும் என்று காட்டக் கரும்பலகையை உங்கள் கையால் ஒரு தரம், பிள்ளைகள் கையால் ஒரு தரம் அளக்கவைத்தீர்கள். அந்தச் சனிக்கிழமை ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கப் போனேன். பூக்காரம்மா இரண்டு முழம் அளந்து அறுக்கப் போனார். தர்ஷினி எம்பிப் பார்த்து, "அக்கா, உங்க முழம் எங்க மிஸ் முழத்தைவிட நாலு விரல் கம்மி" என்றாள்.

"இன்னாடி இது! பூ வாங்க வந்தியா, என் கைய அளக்க வந்தியா?" பூக்காரம்மா இடுப்பில் கை வைத்தார். "யாரும்மா உங்க மிஸ்ஸு? நாளைக்கு இட்டா அவங்கள. அவங்க கையால அளந்து குடுக்கட்டும், நான் ஸ்கூலுக்குப் போறேன்!" சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே நாலு விரல் அளவு சேர்த்தே அறுத்துக் கொடுத்தார்.

இதைத் திங்கட்கிழமை ஆட்டோவில் உங்களிடம் சொன்னபோது நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே என் கைப்பையில் ஒரு விடைத்தாள் இருந்தது.

இருபத்தைந்துக்குப் பதினொன்று. இரண்டு பிரிவுக்கும் பொதுவான தேர்வு என்பதால் ஏ பிரிவு மிஸ் திருத்தியது. ஐம்பத்திரண்டில் இருபத்தைந்து போனால் இருபத்தேழு என்று தர்ஷினி சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் கடன் வாங்கியதற்கான கோடு இல்லை, மேலே அடித்து எழுதிய நாலு இல்லை. அந்த இடத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்த சரத்தை வரைந்து வைத்திருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ‘வழிமுறை இல்லை'.

"என்னடி இது?"

"ஒரு சரத்தை அவுத்தேன்மா. அதுல பத்து, கையில ரெண்டு. பன்னெண்டு. அஞ்சைக் குடுத்துட்டேன்."

"உன்னைப் படம் வரையச் சொன்னாங்களா?"

தோளைப் பிடித்து உலுக்கினேன். ஏழு வயதுக் குழந்தை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, மிஸ். அதுதான் விஷயம். புரியாமல் செய்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு. நான் அவளுடைய கணக்கு நோட்டை எடுத்து எண்ணினேன். பதினோரு பக்கம். ஏ பிரிவில் அறுபது தாண்டிவிட்டது என்று வாட்ஸப் குழுவில் படம் போட்டிருந்தார்கள். பதினோரு பக்கத்தோடு என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போவாள், அங்கே நிற்பாள், எல்லோரும் எழுத இவள் படம் வரைவாள், பிறகு எட்டு, பிறகு பத்து, பிறகு எந்த நுழைவுத் தேர்வு என்று என் பயம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜூஸ் கடையில்தான் கூடினோம். பி பிரிவு அம்மாக்கள் பதினான்கு பேர். கவினின் அம்மா ஆரம்பித்தார்.

"தினமும் ரயிலு, பூவு. இதுக்கா ஃபீஸ் கட்றோம்? என் பையன் கையைப் பாருங்க, மெக்கானிக் ஷெட்ல வேலை பார்த்த மாதிரி நாத்தம்."

"அவங்க நல்லவங்கதான். ஆனா போர்ஷன் முடிக்கணுமில்ல?"

"வாயால சொன்னா எடுபடாது. தர்ஷினி அம்மா, நீங்கதான் எம்.காம். இங்கிலீஷ்ல நறுக்குன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தை நடுவுல போட்டுக்கலாம், யாருக்கும் தெரியாது."

நான் மறுக்கவில்லை. நம்மிடம் ஒரு வேலையைக் கேட்கிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. வேலையை விட்டபிறகு யாரும் என்னை எதற்காகவும் கேட்டதில்லை. நான்கு வரி போதும் என்றார்கள். நான் ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொழிற்சாலைக் கழிவுகளைக் கையாளும்படி எங்கள் குழந்தைகள் நிர்ப்பந்திக்கப்படுகிறார்கள் என்ற அர்த்தத்தில் வரும். நர்சரி பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த நிர்வாகமும் அந்த வாக்கியத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்காது, அதற்காகத்தான் எழுதினேன். சோப்புத் தண்ணீர், டூத் பிரஷ், அரம் எல்லாம் எனக்கு நினைவிருந்தது. எழுதவில்லை. கையெழுத்தில் ஒன்பதாவதாக நின்றேன்.

மூன்று நாள் கழித்து ஆட்டோவில் நீங்கள் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கம் குனிந்தீர்கள்.

"தர்ஷினி அம்மா, ஒரு உதவி. என் மேல கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. கரஸ்பாண்டென்ட் சார் எழுத்துல விளக்கம் கேக்குறாரு. எனக்கு தமிழ்ல சொல்ல வருது, இங்கிலீஷ்ல எழுதினா குழந்தை எழுதின மாதிரி இருக்கும். நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

 தலையாட்டினேன்.

நீங்கள் என்ன எழுத வேண்டும் என்று சொன்னீர்கள். சரம் எதற்கு, ரயில் எதற்கு. வாஷரை எப்படிக் கழுவுகிறீர்கள். ஜனவரியிலிருந்து நோட்டில் எழுதவைக்கப் போகிறீர்கள், அதற்குள் கையில் புரிந்திருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். சார் ஒரு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். "தப்பு செஞ்ச மாதிரி எழுதிடாதீங்க. நான் தப்பு செய்யல" என்றீர்கள்.

நான் எழுதியது வேறு. நீங்கள் சொன்னபடி எழுதினால் விசாரணை என்று வரும்; அம்மாக்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்; யார் எழுதியது என்று யாராவது வாய்விடுவார்கள். பணிந்து போனால் அதோடு முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகவும், அத்தகைய பொருட்களை இனிப் பயன்படுத்தமாட்டேன் என்றும், இனிப் பாடத்திட்டப்படி நடப்பதாகவும் நீங்களே சொல்வதுபோல எழுதி, கீழே பெயருக்கு இடம் விட்டேன். மிக மரியாதையான கடிதம்.

மறுநாள் ஆட்டோவில் நீட்டினேன். நீங்கள் மேலே இரண்டு வரி பார்த்தீர்கள். வண்டி குலுங்கியது. "படிச்சுப் பாருங்க மிஸ்" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கே என்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வந்திருக்கும்; சொன்னதால் கோபத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கிறேன். ஏன் படிக்கவில்லை? உங்கள் வேலை அது, உங்கள் பெயர் அது. நீங்கள் பேனாவைத் திறந்துகொண்டே சிரித்தீர்கள்.

"நீங்க எழுதினதை நான் என்ன பார்க்கிறது? கோத்த சரத்தை எண்ணக் கூடாதுல்ல?"

சணல் பையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். உள்ளே வாஷர்கள் இருந்ததால் கையெழுத்து மேடு பள்ளமாக விழுந்தது.

அதைத்தான் அவர்கள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். தானே ஒத்துக்கொண்டார் பாருங்கள் என்று கவினின் அம்மா குழுவில் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். உங்களைப் பி பிரிவிலிருந்து எடுத்துவிட்டு, வராத ஆசிரியர்களுக்குப் பதில் வகுப்பில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். ஏ பிரிவு மிஸ் இரண்டு பிரிவுக்கும் கணக்கு எடுத்தார். ஏப்ரலில் உங்களை மேற்கொண்டு வைத்துக்கொள்ளவில்லை.

கடைசி நாளும் ஆட்டோவில்தான் வந்தோம். பை காலியாக மடிந்து உங்கள் மடியில் இருந்தது. பட்டறைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "ரொம்ப அநியாயம் மிஸ்" என்றேன். என்னால் அதையும் சொல்ல முடிந்தது.

நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அந்த கம்ப்ளெய்ன்ட்டைக் காட்டினாங்க. எழுதினவங்க யாரோ, நல்லா எழுதியிருக்காங்க தர்ஷினி அம்மா. கமாகூட சரியா வெச்சிருக்காங்க."

"அப்படியா" என்றேன்.

உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. தர்ஷினியின் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினீர்கள். உங்களுக்குத் தெரிந்துதான் சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? மூன்று வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். தெரிந்திருந்தால் என்னை ஏன் திட்டவில்லை? தெரியாதென்றால் கமா எதற்கு? கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதன்பிறகு உங்கள் நிறுத்தம் வராத வழியாகப் போகும் ஆட்டோவைப் பிடிக்க ஆரம்பித்தேன்.

தர்ஷினி நல்ல மதிப்பெண் வாங்குகிறாள், மிஸ். அதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கேட்டது எங்களுக்குக் கிடைத்தது. டியூஷன், அறுபது பக்கம், நூறு பக்கம், சிவப்பு மையில் ஸ்டார். ஆனால் கணக்கைப் படித்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். "இது எந்த மெத்தட்ல போடணும்மா?" பதினெட்டையும் ஏழையும் கூட்டக்கூட ஓரத்தில் கோடு போட்டு எழுதுகிறாள். எழுதியபின் ஒரு தரம், அழித்து இன்னொரு தரம் சரிபார்க்கிறாள். காலி நாற்காலிகளைப் பார்த்துப் ‘பத்தொம்பது' என்று கத்திய குழந்தை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். வளர்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன வருட மழையில் நீங்கள் காய்ச்சலில் விழுந்தது எனக்குத் தெரியாது. ஐந்து நாள்தானாம். செய்தியைக் குழுவில் போட்டதும் கவினின் அம்மாதான். கீழே கைகூப்பிய படங்கள். ‘அருமையான டீச்சர்.' ‘என் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்.' எண்ணினேன். பதினான்கு பேரில் பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் பார்த்தபோது மாலையாகிவிட்டது, அடக்கம் முடிந்திருந்தது. மறுநாள் உங்கள் தெரு முனை வரைக்கும் போனேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உங்கள் கணவரிடம் நான் யார் என்று சொல்லி உள்ளே போவது? திரும்பிவிட்டேன்.

இந்த மாதம் பள்ளியில் கணக்குத் திருவிழாவாம். வாசலில் பெரிய பேனர்: விளையாட்டோடு கற்போம். அட்டையில் ரயில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஏற முடியாது, தட்டை. பெட்டி பெட்டியாக வண்ணப் பிளாஸ்டிக் வில்லைகள் வந்திறங்கியிருக்கின்றன. பத்துப் பத்தாகக் கம்பெனியிலேயே கோத்து வந்துவிடுகிறதாம்; குழந்தைகள் கோக்க வேண்டியதில்லை. இதற்குத் தனியாகக் கட்டணமும் உண்டு, எல்லோரும் கட்டிவிட்டோம். நேற்று கவினின் அம்மா குழுவில் கேட்டார்: "சூப்பர் இனிஷியேட்டிவ்ல? ஸ்கூலுக்கு ஒரு அப்ரிசியேஷன் லெட்டர் குடுக்கலாம். தர்ஷினி அம்மா, வழக்கம்போல நீங்க எழுதிடுங்களேன்."

வழக்கம்போல. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு நினைவே இல்லை.

சரி, காலையில் நடந்ததற்கு வருகிறேன். நான் விரலை எடுத்ததும் தர்ஷினி அந்தச் சரத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். சீருடையோடே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மிஸ் போனது என்னாலதானே?"

"என்னடி சொல்ற?"

"நான்தானே தினமும் வந்து உன்கிட்ட சொன்னேன். இன்னைக்கும் ரயிலுதான், இன்னைக்கும் எழுதவே இல்லன்னு. ஜாலியா இருக்குன்னுதான் சொன்னேன். அதனாலதானே எல்லாரும் சண்டை போட்டாங்க? அப்புறம்தான் நான் சொல்றதையே நிறுத்திட்டேன்."

மூன்று வருடம், மிஸ். பத்து வயதுப் பெண் இதை மூன்று வருடம் சுமந்திருக்கிறாள். அவள் தலையைத் தடவி, ‘அப்படியெல்லாம் இல்லடா கண்ணா' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதுவும் மரியாதையான பதில்தான்.

"உன்னால இல்ல. அம்மாதான் அந்த லெட்டரை எழுதினேன்."

அவள் நிமிர்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜூஸ் கடை, தொழிற்சாலைக் கழிவு, ஆட்டோ, கையெழுத்து. வெளியே மழை ஓயவே இல்லை.  முடித்தபிறகுதான் கேட்டாள்.

"ரெண்டு லெட்டரும் நீயா?"

"ரெண்டும்."

"வாஷரை அவங்க கழுவித்தான் எடுத்துட்டு வருவாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"மிஸ்ஸுக்கு? நீதான்னு தெரியுமா?"

"தெரியல."

அவள் அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சரத்தை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை நகத்தால் நிமிண்டினாள். துருக்கறை ஏறிய லேஸ், சுலபத்தில் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒட்டிக்கிடந்த வாஷர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கண் முன்னால், போர்வைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் உதடு அசைந்தது.

பத்து இருந்தது. அவளே கோத்தது, அவளே முடிச்சுப் போட்டது. இருந்தும் எண்ணிப் பார்த்தாள்.

பிறகு எழுந்துபோய்க் கை கழுவினாள். இரண்டு முறை சோப்புப் போட்டாள்; வாசனை போகாது, எனக்குத் தெரியும். இப்போது அடுத்த அறையில் இருக்கிறாள். டிவி சத்தம்கூட இல்லை. குழுவில், லெட்டர் ரெடியா என்று கேட்டு இன்னொரு செய்தி வந்திருக்கிறது. அதற்கு நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் சொன்ன அந்த விளக்கத்தை, தமிழில். நீங்கள் தப்பு செய்யவில்லை.

பத்து வாஷரும் போர்வையிலேயே கிடக்கின்றன. லேஸ் நைந்துவிட்டது. வேறு கயிறு தேடி எடுத்து நானே எண்ணிக் கோத்து, முடிச்சுப் போட்டு, அவள் கையில் கொடுக்கப் போகிறேன். என் மகள் அதை எண்ணாமல் வாங்கமாட்டாள். எண்ணட்டும், மிஸ். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன்.